மதுரையில உக்காந்துக்கிட்டே கிறிஸ்தவ இறையியலையும் மத்த மதங்களையும் ஆராய்ச்சி பண்றது எப்படி

பிடி (இறையியல் இளநிலைப் பட்டம்) முடிச்சுட்டு எம்டிஎச் (இறையியல் முதுநிலைப் பட்டம்) போற தம்பிங்க, தத்துவத்துலயோ தமிழ்லயோ எம்ஏ முடிச்சுட்டு பிஎச்டிக்கு டாபிக் தேடுற தங்கச்சிங்க, இவங்ககிட்ட இருந்து திரும்பத் திரும்ப வர்ற கேள்வி இது. "கிறிஸ்தவமும் மத்த மதங்களும்னு ஏதாவது பண்ணணும்ணே, எங்கிட்டு இருந்து ஆரம்பிக்கிறது?" தனித்தனியா பதில் சொல்றத விட ஒரே எடத்துல எழுதி வச்சிரலாம்னு உக்காந்தேன். நான் சொல்ல வர்றதுல முக்கியமானது ஒண்ணுதான். உங்க மதத்து நூல எவ்வளவு பொறுமையா, உரையோட, வரி வரியா படிப்பீங்களோ அதே பொறுமையோட அடுத்த மதத்து நூலையும் அவங்க உரையோட, அவங்க ஆளுங்க சொல்லித்தர்ற மாதிரி படிக்கணும். இது இல்லாம பண்ற ஒப்பீடு எல்லாமே ஒரு பக்கம் ஆழமாவும் இன்னொரு பக்கம் நோட்ஸ் படிச்சு எழுதுன மாதிரியும் போயிரும், வைவாவுல (வாய்மொழித் தேர்வுல) அது மொத கேள்வியிலயே தெரிஞ்சிரும்.

முதல்ல டாபிக். "இந்து சமயமும் கிறிஸ்தவமும் ஓர் ஒப்பாய்வு" மாதிரி தலைப்ப தயவுசெஞ்சு எடுக்காதீங்க. இந்து சமயம்னா எது, சைவமா வைணவமா, அதுல வடகலையா தென்கலையா, இல்ல ஊர் எல்லையில நிக்கிற கருப்பசாமியா? கிறிஸ்தவம்னா எது, கத்தோலிக்கமா லுத்தரனா பெந்தெகொஸ்தேயா? இவ்வளவு பெருசா எடுத்தா மூணு வருஷம் கழிச்சும் முன்னுரைதான் எழுதிக்கிட்டு இருப்பீங்க. ஒரு நூல், ஒரு ஆள், ஒரு ஊர், ஒரு சண்டை, இதுல ஏதாவது ஒண்ணுல நில்லுங்க. எச்.ஏ.கிருஷ்ண பிள்ளைய எடுத்துக்கோங்க, திருநெல்வேலிப் பக்கத்து வைணவக் குடும்பம், 1827ல பொறந்தவரு, கிறிஸ்தவரா மாறி 1894ல இரட்சணிய யாத்திரிகம் வெளியிட்டாரு. அவரு படிச்சு வளந்த கம்பராமாயணமும் ஆழ்வார் பாட்டும் அந்தக் காப்பியத்துக்குள்ள எங்க எங்க நிக்குது, கிருபைங்கிறத அவரு எந்த வைணவ நினைப்போட புரிஞ்சுக்கிட்டாரு, இது ஒண்ணே ஒரு முழு பிஎச்டிக்குத் தாங்கும். வீரமாமுனிவரோட தேம்பாவணி 3 காண்டம், 36 படலம், 3615 பாட்டு, அத முழுசா எடுக்காதீங்க, ஒரு படலம் போதும். மாதா மேல தமிழ்ல எழுதுன மாதரசம்மன் அந்தாதி இருக்கு, அதையும் அபிராமி அந்தாதியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிக்கலாம், ஹார்வர்டுல இருக்குற பிரான்சிஸ் குளூனிங்கிற சேசுசபைப் பாதிரியார் 2005ல வந்த புத்தகத்துல இந்த ரெண்டையும் சௌந்தர்ய லஹரி, ஸ்தாபாத் மாத்தர்ங்கிற லத்தீன் மாதா பாட்டு இதுகளோட சேத்து வச்சுப் படிச்சிருக்காரு. அமெரிக்காவுல உக்காந்து ஒருத்தரு செஞ்சத, அந்தாதிய ராகத்தோட கேட்டு வளந்த நம்ம இன்னும் நெருக்கமா செய்யலாம், செய்யணும்.

அடுத்தது, நீங்க எந்த வகை ஆராய்ச்சி பண்றீங்கனு உங்களுக்கே தெளிவா இருக்கணும், ஏன்னா இந்தத் துறைல நாலு வேற வேற வேலைய ஒரே பேர்ல சொல்லிக்கிட்டு இருக்கோம். மத்த மதங்களப் பத்தி கிறிஸ்தவ நம்பிக்கை என்ன சொல்லுது, அவங்களுக்கு மீட்பு உண்டாங்கிற கேள்வி ஒண்ணு, இத மதங்களின் இறையியல்னு சொல்லுவாங்க. ரெண்டு மதத்து நூல்கள எடுத்து சேத்து ஆழமா படிச்சு அதுல இருந்து நம்ம இறையியல் என்ன கத்துக்குதுனு பாக்கிறது இன்னொண்ணு, இது ஒப்பீட்டு இறையியல். ரெண்டு மதத்துக்காரங்க நெஜத்துல எப்படி சந்திச்சாங்க, சண்டை போட்டாங்க, ஒருத்தருகிட்ட இருந்து ஒருத்தர் எடுத்துக்கிட்டாங்கங்கிறது வரலாறு. இப்ப நம்ம ஊர்ல ஒரே தெருவுல வாழ்ற ஜனங்க எப்படி நடந்துக்கிறாங்கனு போய் பாத்து எழுதுறது கள ஆய்வு. நாலுக்கும் படிக்கிற விஷயம் வேற, ஆதாரம் வேற, கைடு கூட வேற ஆளா இருக்கணும். ஒரு தீசிஸ்ல ஒண்ண முதுகெலும்பா வச்சுக்கிட்டு இன்னொண்ண துணைக்கு வச்சுக்கலாம், நாலையும் தூக்கிக்கிட்டு நடக்க முடியாது.

மதங்களின் இறையியல் எடுத்தா எல்லாரும் உங்கள ஆலன் ரேஸ்ங்கிற இறையியலாளர் 1983ல போட்ட மூணு பெட்டிக்குள்ள தள்ளுவாங்க. கிறிஸ்து வழியா மட்டும்தான் மீட்புங்கிறவங்க ஒரு பெட்டி, கிறிஸ்து வழியாதான் ஆனா மத்த மதத்துக்காரங்களையும் அந்தக் கிருபை தொடும்ங்கிற கார்ல் ரானர் மாதிரி ஆளுங்க ஒரு பெட்டி, எல்லா மதமும் ஒரே மெய்ப்பொருளுக்குப் போற வேற வேற வழிங்கிற ஜான் ஹிக் மாதிரி ஆளுங்க ஒரு பெட்டி. இது தெரிஞ்சிருக்கணும், பரீட்சைக்கும் வேணும். ஆனா என் கருத்து என்னன்னா இந்த மூணு பெட்டியவே அதிகாரம் பிரிக்கிறதுக்கு வச்சுக்காதீங்க. மூணுமே 'யாருக்கு மீட்பு'ங்கிற கிறிஸ்தவக் கேள்விய வச்சுத்தான் ஆரம்பிக்குது, சைவ சித்தாந்தி ஒருத்தர்கிட்ட போனா அவரு ஆணவ மலம், அதாவது உயிர மறைச்சுக்கிட்டு இருக்குற அழுக்கு, நீங்குறதப் பத்திப் பேசுவாரு, அது பாவமன்னிப்புக்கு வேற பேரு இல்ல, அவரு தேடுற எல்லையே வேற. மார்க் ஹெய்ம் 1995ல இதத்தான் எழுதுனாரு, ஒவ்வொரு மதமும் போய்ச் சேர நெனைக்கிற எடம் ஒண்ணுதானானு மொதல்ல கேளுங்கனு. அந்தக் கேள்வி நம்ம ஊருக்கு ரொம்பப் பொருத்தம்.

அதவிட நம்ம பக்கத்துல இருந்து ஆரம்பிக்கணும்னா 1938 தாம்பரத்துல ஆரம்பிங்க. அந்த வருஷ டிசம்பர்ல மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ்ல உலக மிஷனரி மாநாடு நடந்துச்சு, அதுக்காகவே டச்சுக்காரரு ஹெண்ட்ரிக் கிரேமர் ஒரு பெரிய புத்தகம் எழுதியிருந்தாரு, கடவுள் கிறிஸ்துவுல வெளிப்பட்டதும் மனுசங்களோட மதங்களும் ஒரே கோட்டுல வராதுங்கிறது அவரு வாதம். அதுக்கு முன்னாடி 1910 எடின்பரோ மாநாட்டுல இருந்து, 1913ல பார்க்குவர்ங்கிற மிஷனரி எழுதுனது வரைக்கும், இந்து சமயம் தேடுனது கிறிஸ்துவுல நிறைவேறுதுங்கிற பேச்சுதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு, கிரேமர் அதத் தூக்கிப் போட்டுட்டாரு. ஆனா அதே 1938ல இங்க இருந்தே ஒரு பதில் புத்தகம் வந்துச்சு, அதுல செஞ்சையா, சக்கரை ரெண்டு பேரும் எழுதுனாங்க. செஞ்சையா புதுக்கோட்டை சமஸ்தானத்துல நீதிபதியா இருந்தவரு, சக்கரை வக்கீலு, பின்னாடி மெட்ராஸ் மேயரும் ஆனாரு, ரெண்டு பேருமே ஆலயத்துல சம்பளம் வாங்குன பாதிரியாருங்க இல்ல. இந்தச் சண்டைய ரெண்டு பக்கமும் மூலத்துல படிச்சா அந்த மூணு பெட்டியும் எதுக்காகப் பொறந்துச்சுனு உங்களுக்கே புரியும். கூடவே ஏ.ஜே.அப்பாசாமி, பாளையங்கோட்டைக்காரரு, யோவான் நற்செய்தியையும் தமிழ் பக்திப் பாட்டையும் சேத்து வச்சு ஆக்ஸ்போர்டுல ஆய்வு பண்ணி 1927ல கிறிஸ்தவத்த பக்தி மார்க்கமா எழுதுனவரு. இவங்கள விட்டுட்டு நேரா ஹிக்குக்கும் ரானருக்கும் ஓடுறது எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கு.

கத்தோலிக்கப் பக்கம் பண்றவங்க 1965 அக்டோபர் 28ல மத்த மதங்களப் பத்தி ரெண்டாம் வத்திக்கான் சங்கத்துல இருந்து வந்த நோஸ்த்ரா எத்தாத்தே ஏட்ட மொதல்ல முழுசா படிங்க, சின்னதுதான், ஒரே மூச்சுல முடிச்சிரலாம். அப்புறம் ஜாக் துப்புயிங்கிற சேசுசபைப் பாதிரியார் மதப் பன்மையப் பத்தி 1997ல எழுதுன புத்தகம், 2000ல வந்த தோமினுஸ் ஏசுஸ்ங்கிற வத்திக்கான் அறிக்கை, 2001ல துப்புயி புத்தகத்தப் பத்தி ரோம்ல இருந்து வந்த அறிவிப்பு, இத வரிசையா படிச்சா விவாதம் எங்க நிக்குதுனு தெரியும். துப்புயி பல வருஷம் இந்தியாவுல பாடம் நடத்துனவருங்கிறத மறக்காதீங்க. புராட்டஸ்டண்ட் பக்கம்னா உலகத் திருச்சபைகள் மன்றத்துல 1971ல ஆரம்பிச்ச உரையாடல் பிரிவு, அதோட மொத இயக்குநர் ஸ்டான்லி சமர்த்தா, அவருக்கப்புறம் வந்த இலங்கைத் தமிழர் வெஸ்லி அரியராஜா. இதெல்லாம் பின்னணி, ஒரு அதிகாரத்துக்கு மேல போகாம பாத்துக்கோங்க.

இப்ப ஒரு மூல நூல எப்படிப் படிக்கிறதுனு ராபர்ட் தெ நோபிலிய வச்சே சொல்றேன், நம்ம ஊர்ல நடந்த கதை, இத விட நல்ல பயிற்சி கெடைக்காது. 1577ல ரோம்ல பொறந்தவரு, 1606ல மதுரைக்கு வந்தாரு. அப்ப இங்க ஏற்கனவே கொன்சாலோ பெர்னாண்டஸ்னு ஒரு போர்த்துகீசிய சேசுசபைப் பாதிரியார் இருந்தாரு, பரதவர் சமூகத்துக் கிறிஸ்தவங்களப் பாத்துக்கிட்டு. நோபிலி அவர விட்டுத் தனியா வந்து காவி கட்டி, பூணூல் போட்டு, மரக்கறி சாப்பாட்டோட சந்நியாசியா இருந்தாரு, சிவதர்மர்ங்கிற தெலுங்கு பிராமணர்கிட்ட சமஸ்கிருதம் படிச்சாரு, ஜனங்க தத்துவ போதகர்னு கூப்பிட்டாங்க. பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் எழுதுனாரு, விவகாரம் பெருசாகி 1619ல கோவாவுல விசாரணை மாநாடு, கடைசியில 1623 ஜனவரி 31ல பதினஞ்சாம் கிரகோரி பாப்பரசர் பூணூல், குடுமி, சந்தனம், குளியல் இதையெல்லாம் நிபந்தனையோட அனுமதிச்சாரு.

இந்தக் கதைய எல்லாரும் சொல்லுவாங்க. ஆராய்ச்சி பண்றவரு கேக்க வேண்டியது என்னன்னா, எந்த நூல யாருக்கு எழுதுனாருங்கிறது. ரோமுக்கு லத்தீன்ல எழுதுன வாதத்துல பூணூலும் குடுமியும் சமூக வழக்கம், மதச் சடங்கு இல்லனு நிறுவப் பாக்குறாரு. அதே ஆளு தமிழ்ல எழுதுன ஆத்தும நிருணயம், புனர்ஜென்ம ஆக்ஷேபம் மாதிரி நூல்கள்ல மறுபிறவிக் கொள்கைய விடாம மறுக்குறாரு. உடையில விட்டுக்கொடுத்தாரு, கொள்கைல விட்டுக்கொடுக்கல. லத்தீன் மட்டும் படிச்சவரு அவர உரையாடலோட முன்னோடினு எழுதுவாரு, தமிழ் மட்டும் படிச்சவரு கண்டனக்காரர்னு எழுதுவாரு, ரெண்டும் படிச்சாத்தான் ஆளு கெடைப்பாரு. மூணாவதா பெர்னாண்டஸையும் படிக்கணும், அவரு 1616ல பிராமணர் வழக்கங்களப் பத்திப் போர்த்துகீசியத்துல ஒரு பெரிய குறிப்பே எழுதியிருக்காரு. ஒரே ஊரு, ஒரே சபை, ஒரே ஜனங்களப் பாத்த ரெண்டு பேரு, எது மதம் எது வழக்கம்ங்கிறதுல நேர் எதிரா போயிட்டாங்க. இந்த ரெண்டையும் வச்சு இனேஸ் ஜுபானோவ் 1999ல ஒரு அருமையான புத்தகம் எழுதியிருக்காங்க, நம்ம பக்கத்துல எஸ்.ராசமாணிக்கம் சேசுசபைப் பாதிரியார் நோபிலியோட தமிழ் நூல்களத் தேடிப் பிடிச்சுப் பதிப்பிச்சு வாழ்நாள் பூரா உழைச்சிருக்காரு, அவரு பேர் இல்லாம நோபிலி பத்தி ஒரு அதிகாரம் எழுதுறது நியாயமே இல்ல.

நாலாவது கேள்வி சாதி. பூணூல அனுமதிச்சதோட வெல என்ன, அத யாரு குடுத்தா? 1640ல இருந்து பண்டாரசாமினு இன்னொரு வகைத் துறவிகளா சேசுசபைக்காரங்க ஒடுக்கப்பட்ட சாதிக்காரங்ககிட்டப் போனாங்க, அதாவது சாமியார்லயே ரெண்டு அடுக்கு. இத ஒரு அடிக்குறிப்புல தள்ளிவிடாதீங்க. உரையாடல்ங்கிறது யாரோடங்கிற கேள்வி இங்கதான் ஆரம்பிக்குது.

ஒரு எச்சரிக்கையும் இங்கயே சொல்லிர்றேன். எசூர்வேதம்னு ஒரு பிரெஞ்சு நூல், பழைய வேதத்து விளக்கம் மாதிரி வேசம் போட்டது, வால்டேர் கைக்கு 1760ல போய் அவரு அத உண்மையான இந்தியப் பழம் நூல்னு நம்பி அரசரோட நூலகத்துக்கே குடுத்தாரு, 1778ல அச்சாச்சு. அப்புறம் மெட்ராஸ் கலெக்டரா இருந்த எல்லிஸ் துரை பாண்டிச்சேரில இருந்த கையெழுத்துப் பிரதிகளப் பாத்துட்டு எழுதுனது 1822ல வந்துச்சு, அதுல இது மிஷனரி வேலைனு கண்டுபிடிச்சாரு, ஆனா எழுதுனது நோபிலினு சொல்லிட்டாரு. அதுவும் தப்பு. நோபிலி மேல அந்தப் பழி ரொம்ப நாள் நின்னுச்சு, இன்னைக்கும் நெட்ல சில பேரு அப்படியே காப்பி பண்ணி எழுதுறாங்க. லூடோ ரோஷே 1984ல முழுசா ஆராஞ்சு அத அவரு எழுதலனு காட்டிட்டாரு. அதனால யாரோட நூல்னு எழுதுறதுக்கு முன்னாடி, பிரதி எங்க கெடைச்சுச்சு, யாரு மொதல்ல பேரு போட்டா, எதுக்காகப் போட்டாங்கிறதப் பாத்துருங்க.

தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு பத்திப் பண்றவங்களுக்கும் இதே கதைதான். 1706ல வந்தவரு, 1713ல தென்னிந்தியத் தெய்வங்களப் பத்தி விரிவா எழுதி ஜெர்மனிக்கு அனுப்புனாரு, அது அச்சுல வந்தது 1867ல, மெட்ராஸ்ல. நூத்தம்பது வருஷம் ஏன் கெடந்துச்சுங்கிறதே ஒரு ஆராய்ச்சி. அவரோட கேள்விகளுக்குத் தமிழ் ஆளுங்க எழுதுன பதில் கடிதங்களும் ஜெர்மன் மொழிபெயர்ப்புல ஹாலேல அச்சாச்சு. தமிழ் ஆளுங்களோட கொரல்னு ஆசையா எடுத்துப் போடுறோம், ஆனா கேள்வி கேட்டவரு அவரு, மொழிபெயர்த்தவங்க மிஷன்காரங்க, வெளியிட்டவங்களும் அவங்கதான், அத ஒரு பத்தியாவது எழுதி வைக்கணும்.

சரி, இப்ப அடுத்த மதத்து நூலுக்கு வருவோம், நான் மேல சொன்ன முக்கியமான விஷயம் இதுதான். சைவ சித்தாந்தம் எடுத்தா மெய்கண்டாரோட சிவஞானபோதம் பன்னெண்டு சூத்திரம், அதோட அருணந்தி சிவாச்சாரியார் எழுதுன சிவஞான சித்தியார். சித்தியார்ல பரபக்கம், சுபக்கம்னு ரெண்டு பகுதி. பரபக்கத்துல உலகாயதர், பௌத்தர், சமணர்னு பதினாலு கொள்கைய எடுத்து, ஒவ்வொண்ணுலயும் மொதல்ல அவங்க என்ன சொல்றாங்கனு அவங்க வாயாலயே சொல்ல வச்சுட்டு, அப்புறம்தான் மறுக்குறாரு. அதுக்கும் பல நூற்றாண்டு முன்னாடி மணிமேகலைல சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதை இருக்கு, வஞ்சி நகரத்துல ஒவ்வொரு சமயவாதிகிட்டயும் போய் உன் கொள்கை என்னனு மணிமேகலை கேட்டுட்டு வர்றா. அதாவது அடுத்தவன் கொள்கைய ஒழுங்கா எடுத்து வைக்கிறதுக்கு நம்ம மொழியிலயே ஒரு நீண்ட பழக்கம் இருக்கு. நோபிலியோட கண்டன நூல்கள நான் இந்த வரிசையில வச்சுத்தான் படிப்பேன், ஐரோப்பிய விவாத முறை மட்டும்னு படிச்சா பாதிதான் தெரியும்.

சித்தியார தனியா உக்காந்து படிச்சா புரியாதுங்க, உரை வேணும், சொல்லித்தர ஆளு வேணும். மதுரையில ஆதீனத்துலயும் கோயில் பக்கத்துலயும் சித்தாந்தம் சொல்லித்தர்ற பெரியவங்க இருக்காங்க, போய்க் கேளுங்க. எனக்குத் திருவாசகம் வரி வரியா சொல்லித்தந்தது ஒரு ஓதுவார் ஐயா. நான் யாரு, எந்த மதம், எதுக்குப் படிக்கிறேன்னு மொத நாளே சொல்லிட்டுத்தான் உக்காந்தேன், அவரும் அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கல, ஒரு பதிகம் முடிஞ்சா அடுத்த பதிகத்துக்குப் போகுறதுக்கு முன்னாடி திருப்பிச் சொல்லச் சொல்லுவாரு. திருவாதவூர் நம்ம மேலூர் பக்கத்துல, மாணிக்கவாசகர் ஊரு, ஜி.யு.போப் திருவாசகத்த 1900ல இங்கிலீஷ்ல வெளியிட்டாரு. போப்போட முன்னுரையும் குறிப்பும் வச்சு, அவரு எந்த எடத்துல கிறிஸ்தவக் கண்ணோட படிக்கிறாரு, எந்த எடத்துல பாட்டு அவர இழுத்துக்கிட்டுப் போகுதுனு குறிச்சுக்கிட்டே வந்தீங்கன்னா ஒரு அதிகாரம் தன்னால வரும்.

அதோட நிறுத்தாதீங்க, அவங்க நம்மளப் பத்தி என்ன எழுதுனாங்கங்கிறதையும் படிக்கணும், இத ரொம்பப் பேரு விட்டுர்றாங்க. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பெர்சிவல் பாதிரியாரோட சேந்து பைபிள் தமிழ் மொழிபெயர்ப்புல வேலை பாத்தவரு, பைபிள் அவருக்கு அத்துப்படி. அவருதான் 1854ல சைவ தூஷண பரிகாரம் எழுதி, மிஷனரிங்க கோயில் வழிபாட்டத் தப்புனு சொன்னதுக்குப் பழைய ஏற்பாட்டுல இருந்தே ஆலயம், பலி, தூபம், அபிஷேகம்னு எடுத்துக்காட்டிப் பதில் சொன்னாரு. கிறிஸ்தவ நூல மூலத்துல படிச்சு எழுதுன இந்து அறிஞர் அவரு. அவருக்குச் சமமா சித்தாந்தத்த மூலத்துல படிச்சுட்டு எழுதுறோமானு ஒவ்வொரு கிறிஸ்தவ மாணவரும் தன்னக் கேட்டுப் பாக்கணும்.

ஒப்பிடும்போது இன்னொரு ஒழுங்கு ரொம்ப முக்கியம். நம்ம பக்கத்து மலைப்பிரசங்கத்தையும் அவங்க பக்கத்து தீண்டாமையையும் வச்சு ஒப்பிடக்கூடாது, அதே மாதிரி அவங்க உபநிடதத்தையும் நம்ம ஊரு கல்லறைத் தோட்டத்துல சாதி சாதியா கட்டுன சுவரையும் வச்சும் ஒப்பிடக்கூடாது. நூலுக்கு நூல், நடைமுறைக்கு நடைமுறை.

நடைமுறைன்னு வந்துட்டா வெறும் சமஸ்கிருத, தமிழ்ப் பெருநூல் மட்டும் வச்சு இந்தத் துறைய நடத்த முடியாதுங்கிறத நம்ம ஊருதான் சொல்லிக்கொடுத்துச்சு. அரசரடில 1969ல ஆரம்பிச்ச தமிழ்நாடு இறையியல் கல்லூரில தியோபிலஸ் அப்பாவு, பரட்டை அண்ணன்னு எல்லாருக்கும் தெரிஞ்சவரு, நாட்டுப்புறப் பாட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள்ள கொண்டுவந்தாரு. 1981ல பெங்களூர்ல அர்விந்த் நிர்மல் பேசுனதுல இருந்து வளந்த தலித் இறையியல் கேட்ட கேள்வி இதுதான், பிராமண நூல்களோட மட்டும் உரையாடல் பண்ணிக்கிட்டு இருந்தா சேரியில இருக்குற மதத்தோட யாரு பேசுறது? குளித்தலை பக்கத்துல தண்ணீர்ப்பள்ளி சாந்திவனம் ஆசிரமம், 1950ல மோன்ஷனின், அபிஷிக்தானந்தாங்கிற ரெண்டு பிரெஞ்சுப் பாதிரியாருங்க கிறிஸ்தவத் துறவையும் வேதாந்தத்தையும் சேத்துப் பாக்க ஆரம்பிச்சது, அது மேல எனக்குப் பெரிய மரியாதை உண்டு, ஆனா அங்க நடந்தத இந்தக் கேள்வியோட சேத்துத்தான் படிக்கணும். ரெண்டையும் ஒரே தீசிஸ்ல எதிர் எதிரா வைக்கிறவங்க இன்னும் நல்லா எழுதலாம்.

கள ஆய்வுன்னா ராமநாதபுரம் பக்கம் ஓரியூர் போங்க, 1693ல அருளானந்தர்ங்கிற சேசுசபைப் பாதிரியார் ஜான் தெ பிரிட்டோ கொல்லப்பட்ட எடம், இந்துக்களும் நேர்த்திக்கடனோட வர்ற கோயிலு. டேவிட் மோஸ் ராமநாதபுரத்துக் கிராமம் ஒண்ணுல பல வருஷம் பழகி 2012ல எழுதுன புத்தகம் இருக்கு, கள ஆய்வு செய்யிறவங்க கண்டிப்பா படிக்கணும், புனிதரும் சாதியும் திருவிழா மரியாதையும் எப்படிப் பின்னிக் கெடக்குதுனு பொறுமையா காட்டியிருக்காரு. போனா நோட்ட நீட்டிக்கிட்டு நிக்காதீங்க. மொதல்ல திருவிழாவுல ஒரு ஆளா இருங்க, கோயில்ப்பிள்ளை, பூசாரி, கடை போட்டிருக்குறவங்ககிட்டப் பைய பேசுங்க. மதம் மாத்த வந்தீங்களா, இல்ல கட்சியாளா, ஏதாவது சேனலானு கேப்பாங்க, கேக்குறது நியாயம், காலேஜ் ஐடியும் கைடு லெட்டரும் கையில வச்சுக்கிட்டு நேராப் பதில் சொல்லுங்க. ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி கேளுங்க. மதம் மாறுன கதைய ஒருத்தர் சொன்னா பேரு, தெரு, குடும்பம் எதுவும் தீசிஸ்ல அடையாளம் தெரியாத மாதிரி மாத்திருங்க, அது அவங்க வேலை, சலுகை, கல்யாணம் வரைக்கும் போகும்.

எங்க தேடுறதுன்னா, அரசரடி இறையியல் கல்லூரி லைப்ரரி, கோரிப்பாளையம் அமெரிக்கன் காலேஜ்ல டேனியல் பூர் நினைவு நூலகம், நத்தம் ரோட்டுல 2023ல தொறந்த கலைஞர் நூலகம், இந்த மூணும் நடந்தோ பஸ்ஸுலயோ போற தூரம். அமெரிக்கன் மதுரா மிஷன் 1834ல யாழ்ப்பாணத்துல இருந்து இங்க வந்தது, அவங்களோட ஆவணம் ஹார்வர்டு ஹௌட்டன் நூலகத்துல இருக்கு, ஆனா பழைய ஆண்டறிக்கையும் புத்தகமும் நிறைய ஆர்கைவ் டாட் ஆர்க்லயே கெடைக்குது. பசுமலைல இருந்த ஜே.பி.ஜோன்ஸ் 1903ல எழுதுனது, கிருஷ்ணனா கிறிஸ்துவானு அட்டையிலயே கேக்குற புத்தகம். அதே மிஷன்ல இருந்த சாண்ட்லர் 1913ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி தமிழ் லெக்சிகனுக்கு மொத ஆசிரியரா போனாரு. ஒரே மிஷனுக்குள்ள இவ்வளவு தூரம் இருக்கு, ஆனா இவங்களப் பத்தி நல்ல இறையியல் ஆய்வு தமிழ்ல வரணும்னு நான் ரொம்ப நாளா ஆசப்படுறேன். சேசுசபை ஆவணங்களுக்கு கொடைக்கானல் பக்கம் செண்பகனூர் காப்பகம், கெளம்புறதுக்கு முன்னாடி கடிதம் எழுதி, எந்தக் கட்டு எங்க இருக்கு, போட்டோ எடுக்கலாமானு கேட்டுட்டுப் போங்க, பென்சில் மட்டும் கொண்டு போங்க. புராட்டஸ்டண்ட் சபைகளோட ஆவணத்துக்கு பெங்களூர் யுடிசி (யுனைடெட் தியாலஜிகல் காலேஜ்). தேம்பாவணி, சித்தியார் எல்லாம் மதுரைத் திட்டம்ங்கிற இணைய நூலகத்துல இலவசமா இருக்கு, தேடுறதுக்கு நல்லது, ஆனா மேற்கோள் போடும்போது அச்சுப் பதிப்பப் பாத்துருங்க. முந்தி யாரு என்ன பண்ணிட்டாங்கனு சோத்கங்காவுல (இந்தியப் பிஎச்டி ஆய்வேடுகளச் சேத்து வச்சிருக்குற இணையதளம்) பாக்காம சினாப்சிஸ் குடுக்காதீங்க.

மொழி விஷயத்துல கறாரா இருங்க. நோபிலி பண்ணணும்னா லத்தீன், இல்ல குறைஞ்சது போர்த்துகீசியம், சீகன்பால்குன்னா ஜெர்மன், பிரெஞ்சுப் பாதிரியார்கள்னா பெர்த்ராண் 1847ல இருந்து நாலு தொகுதியா வெளியிட்ட மதுரை மிஷன் கடிதங்களுக்கு பிரெஞ்சு. சேசுசபை வீடுகள்ல லத்தீன் தெரிஞ்ச வயசான பாதிரியாருங்க இன்னும் இருக்காங்க, கேட்டா சொல்லித்தருவாங்க. முடியலன்னா டாபிக்க மாத்துங்க, கிருஷ்ண பிள்ளை, தஞ்சை வேதநாயக சாஸ்திரி, நாவலர், அப்பாவுனு தமிழ்லயே கடல் அளவு கெடக்கு, மொழிபெயர்ப்ப மட்டும் நம்பி நோபிலி எழுதுறத விட இது ஆயிரம் மடங்கு மேல். இஸ்லாம் பக்கம் போறவங்க உமறுப் புலவரோட சீறாப்புராணத்தையும் தேம்பாவணியையும் சேத்து யோசிங்க, ரெண்டும் வெளிய இருந்து வந்த வரலாற்றத் தமிழ்க் காப்பிய மரபுல நாட்டுப் படலம் நகரப் படலத்தோட வச்சுப் பாடுனது, அதிகம் பேரு கை வைக்காத எடம்.

எழுதும்போது முன்னுரையில நீங்க எந்த நம்பிக்கையில நிக்கிறீங்கனு சொல்லிருங்க, ஒளிக்க வேண்டாம், இறையியல்ல அது குத்தம் இல்ல. ஒவ்வொரு அதிகாரமும் முடிஞ்சதும் ரெண்டு பேருகிட்ட குடுங்க, ஒருத்தர் உங்க சபைல விவரம் தெரிஞ்சவரு, இன்னொருத்தர் நீங்க எழுதுற மதத்துக்காரரு. ரெண்டாவது ஆளு படிச்சுட்டு "நாங்க சொல்றது இதுதான்"னு ஒத்துக்கிட்டா மட்டும் அந்த அதிகாரத்த கைடுகிட்ட கொண்டு போங்க. அவரு உங்க முடிவ ஒத்துக்கணும்னு அவசியம் இல்ல, அவரு கொள்கைய நீங்க எடுத்து வச்ச விதத்த ஒத்துக்கணும். ஒத்துக்கலன்னா எந்த வரியில பிசகுதுனு மார்ஜின்லயே எழுதி வாங்குங்க, அவரு அனுமதிச்சா அந்த மறுப்ப அடிக்குறிப்புல அவரு சொன்னபடியே போடுங்க. வைவா முடிஞ்சு பைண்ட் பண்ணும்போது ரெண்டு காப்பி கூடப் போட்டு, ஒண்ண அவருக்கும் இன்னொண்ண நீங்க உக்காந்து படிச்ச லைப்ரரிக்கும் குடுத்துருங்க.